செய்யுள், தலைவர், வாதம்: மலைப் பிள்ளைகளின் கேள்விகளுக்குத் தமிழாசிரியை பதில்

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறேன்.

பண்ணைக்காடு, பிளஸ் 1 மாணவி: டீச்சர், பேகன் நம்ம மலைக்காரர் என்பதால் புறநானூறு 145-ஐ எடுத்தேன். "மயிலுக்குப் போர்வை தந்த வள்ளல்" என்று எழுதினால் கால் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மேலே என்ன எழுதுவது?

மயிலோடு நின்றால் பாட்டு கைநழுவிவிடும். அது பேகனின் கொடையைப் புகழ வந்த பாட்டே இல்லை. மனைவியைப் பிரிந்து இருக்கும் தலைவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பப் பரணர் பாடியது. பத்தே அடிதான். எது எந்த இடத்தில் வருகிறது என்று பார்.

முதல் மூன்று அடி புகழ்ச்சி: மயில் குளிரில் நடுங்குமே என்று "அருளி"ப் போர்வை தந்த பேகனே! நான்காம் அடி "பசித்தும் வாரேம் பாரமும் இலமே". பசி என்றும் வரவில்லை, தாங்க வேண்டிய சுற்றமும் எங்களுக்கு இல்லை. இந்த ஓர் அடிதான் பாட்டின் அச்சாணி. புலவர் வந்தாலே பொருள் கேட்கத்தான் என்று கேட்பவன் நினைப்பான். அந்த நினைப்பை வாயைத் திறந்ததுமே வெட்டிவிடுகிறார். தனக்கு ஆதாயம் இல்லாதவன் சொல்வதைக் கேட்பவன் தள்ள முடியாது. ஏழாம் அடியில் "அருள்வெய்யோய்" என்று கூப்பிடுகிறார், அதாவது அருளை விரும்புபவனே. முதலடியில் மயிலுக்குச் சொன்ன அதே அருள் இங்கே திரும்பி வருகிறது. பறவைக்கு இரங்கியவன் மனைவிக்கு இரங்காமல் இருப்பானா என்று பரணர் கேட்கவே இல்லை. கேட்பவனே கேட்டுக்கொள்ளும்படி விட்டுவிடுகிறார். வேண்டுகோள் கடைசி அடியில்தான்: இன்று இரவே தேரேறிப் போய், துயரோடு வாழ்பவளின் துன்பத்தைக் "களைமே".

அடுத்து 144-ஐப் பக்கத்தில் வை. அதே பரணர், அதே வழக்கு. ஆனால் "அருளாய் ஆகலோ கொடிதே" என்று கண்டிப்போடு தொடங்கி, அழுதுகொண்டிருக்கும் அவள் வாயாலேயே விஷயத்தைச் சொல்ல வைக்கிறார். ஒன்று சாட்சியை நிறுத்தும் வாதம், இன்னொன்று கேட்பவனின் பெருமையையே பிடித்துக்கொள்ளும் வாதம். எது பேகனிடம் எடுபடும், ஏன் என்று நீ ஒரு பக்கம் எடுத்துப் பேசினால் இரண்டு பக்கம் தாராளமாக வரும்.

ஒரு எச்சரிக்கை. பேகன் பாட்டு என்றதும் கைப்பழக்கத்தில் "பாடாண் திணை" (தலைவனைப் புகழும் பாட்டு) என்று எழுதிவிடாதே. 141, 142 பாடாண்தான். 145-க்குத் திணை பெருந்திணை (பொருந்தாக் காதல்), துறை குறுங்கலி (மனைவியை விட்டுப் பிறரை நாடும் கணவனைத் திருத்தச் சொல்வது).

பழனி, ஒன்பதாம் வகுப்பு மாணவனின் அப்பா: பேகன் மனைவி பெயரும் கண்ணகி என்று பையன் சொல்கிறான். சிலம்புக் கண்ணகிதானா இவர்?

இல்லைங்க, இருவரும் வேறு. பேகன் மனைவியின் பெயர் பாட்டுக்குள் வராது, பாட்டுக்குக் கீழே உள்ள குறிப்பில்தான் வருகிறது. விடைத்தாளில் "பேகனின் மனைவி கண்ணகி" என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள், குழப்பம் வராது.

கோத்தகிரி, பிளஸ் 2 மாணவி: வீட்டில் படுகு பேசுகிறோம். சங்கப் பாட்டைப் பார்த்தாலே பயம். உரையை மனப்பாடம் செய்துவிடலாமா?

வேண்டாம். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டாலே உரை உதவாமல் போய்விடும். சங்கத் தமிழ் இன்று யார் வீட்டிலும் பேசும் மொழி இல்லை, ஆகவே நீ மட்டும் பின்தங்கி நிற்கவில்லை. முதலில் பென்சிலால் சந்தியைப் பிரி. அடுத்து யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று வட்டமிடு; 145-இல் "பேக". அடுத்து முடிக்கும் வினையைக் கண்டுபிடி, அங்கே "களைமே". யாரிடம், என்ன கேட்கிறார் என்பது கைக்கு வந்துவிட்டது. நடுவில் உள்ளதெல்லாம் இந்த இரண்டையும் தாங்க வந்தவை. இதற்குப் பிறகு உரையைத் திற.

குன்னூர், கல்லூரி முதலாண்டு மாணவர்: ஒரு தலைவரின் பேச்சை ஆராயச் சொல்லியிருக்கிறார்கள். காந்தியை எடுத்தால் பாராட்டுரையாகவே போய்விடுகிறது.

உங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது. 1934 ஜனவரி 15-இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம். தீண்டாமைக்கு எதிரான பயணத்தில் இருந்த காந்தி, அது தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று அந்த மாதமே திருநெல்வேலியில் பேசினார். அதே பயணத்தில்தான் ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் குன்னூரில் தங்கினார். தாகூர் மறுப்பு எழுதினார்: இயற்கை நிகழ்வுக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும், இதே வாதத்தை எதிராளிகள் எடுத்து, உங்கள் பணியால்தான் தெய்வக் கோபம் வந்தது என்றும் சொல்லலாமே! அந்த மறுப்பைக் காந்தி தம் ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டு, பதிலும் எழுதினார்.

இப்போது மூன்றைப் பிரித்து எழுது. நோக்கம்: தீண்டாமை ஒழிய வேண்டும், இதில் இருவருக்கும் பேதமில்லை. வாதம்: காரணமும் விளைவும் இணையவில்லை, தாகூர் பிடித்த ஓட்டை இதுதான். கேட்டவர்கள்: பாவம், தண்டனை என்ற சொற்கள் உடனே புரிகிற கூட்டம், ஆகவே பேச்சு எடுபட்டது. நோக்கம் உயர்ந்தது என்பதால் வாதமும் சரி என்று எழுதுவதும், வாதம் பிசகு என்பதால் ஆளையே தள்ளுவதும் ஒரே தப்பின் இரண்டு முகங்கள்.

கோத்தகிரி, எட்டாம் வகுப்பு ஆசிரியர்: உள்ளூர் வரலாற்றுத் தலைவர் என்று, அந்நாளில் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவனைக் கொடுத்தேன். எல்லாப் பிள்ளையும் பிறப்பு, பதவி, ஏரி என்று ஒரே கட்டுரை.

வாழ்க்கைக் குறிப்பு கேட்டால் அதுதான் வரும். ஒரே ஒரு முடிவைக் கேளுங்கள். நீலகிரி நிலம் அங்குள்ள தோடர் பழங்குடிகளுக்கு உரியது என்று சல்லிவன் வாதாடினார். சென்னை ஆளுநராக இருந்த லஷிங்டன் ஒப்பவில்லை. அதே சல்லிவன் மலையில் பரந்த நிலம் வாங்கி வைத்திருந்தவர். இரண்டு செய்தியையும் கொடுத்து, "இவரது வாதத்தை எந்த அளவு நம்பலாம்?" என்று மட்டும் கேளுங்கள். அவருக்கு வேறு என்ன வழி இருந்தது, முடிவால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று பிள்ளைகளே தேடுவார்கள். கன்னேரிமுக்கில் உள்ள நினைவகத்துக்குக் கூட்டிப் போவதானால் இந்தக் கேள்வியோடு போங்கள்.

ஊட்டி, பத்தாம் வகுப்பு மாணவன்: ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் ஆன்டனி பேச்சு. அலங்காரங்களின் பெயர் எல்லாம் எழுதினேன், மதிப்பெண் வரவில்லை.

பெயர் சொன்னது அடையாளம் காட்டியது மட்டும்தான், வேலை இனிமேல்தான். சீசரைக் கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ் கண்ணியவான் என்று ஆன்டனி திரும்பத் திரும்பச் சொல்கிறானே, முதல் தடவையையும் கடைசித் தடவையையும் மட்டும் எடு. முதலில் மரியாதை, கடைசியில் வசவு. சொல் மாறவில்லை, இடையில் அடுக்கிய சான்றுகள்தான் பொருளை மாற்றின: பிணைத்தொகை கஜானாவுக்குப் போனது, ஏழைகளுக்காகச் சீசர் அழுதது, மூன்று முறை முடியை மறுத்தது. புரூட்டஸ் உரைநடையில் பேசுகிறான், ஆன்டனி செய்யுளில் என்பதையும் விடாதே. சீசரின் உயிலைக் காட்டிவிட்டுப் படிக்காமல் வைத்திருப்பது தனிப் பத்தி.

கொடைக்கானல், பிளஸ் 1 மாணவன்: இ-பாஸ் பற்றி வாதக் கட்டுரை. "இயற்கையைக் காப்போம்" என்று முடித்தேன். சத்தே இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

யாரிடம் கேட்கிறாய், அவர் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டும் இல்லாததுதான் காரணம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும், வெளியூர் வண்டிகள் இணையத்தில் பதிவு செய்து வாங்கும் இ-பாஸ் வந்தது. அது தொடர வேண்டுமா, மாற வேண்டுமா? பெறுநர் மாவட்ட ஆட்சியர் என்றால் அவர் கையெழுத்தில் நடக்கக்கூடிய ஒரே ஒரு காரியத்தைப் "பொருள்" வரியிலேயே எழுது.

சான்றுக்கு இணையத்தில் அலைய வேண்டாம். ஞாயிறு காலை 10 முதல் 11 வரை மூஞ்சிக்கல்லில் நின்று வண்டிகளை எண்ணு. புதன்கிழமையும் அதே நேரம் எண்ணு. இரண்டு எண்ணும் உன் இரண்டாம் பத்தி. மூன்றாவதில் எதிர்த்தரப்பு: லாட்ஜ் வேலையாட்கள், ஜீப் ஓட்டுநர்கள், ஏரிச் சாலையில் கடை போட்டவர்கள். அவர்கள் சொல்வதை அவர்களே ஒப்புக்கொள்கிற மாதிரி எழுது. ஏளனமாக எழுதினால் நடுவில் நிற்பவரும் அந்தப் பக்கம் போய்விடுவார். அதற்குப் பதில் சொல்லிவிட்டு வேண்டுகோளைத் திரும்ப ஒரு வரியில் வை, நிறுத்து.

கூடலூர், பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் மாணவி: மூன்று நிமிடத்துக்கு எத்தனை சொல்? நல்ல மாதிரி எது?

250 சொல் போதும். 350 எழுதிக்கொண்டு போய் ஓடுபவர்கள்தான் மணி அடித்ததும் திணறுகிறார்கள். மாதிரிக்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை: கணவனைக் கள்வன் என்று கொன்ற பாண்டிய மன்னனிடம் கண்ணகி நீதி கேட்கும் இடம். "தேரா மன்னா" என்று குற்றச்சாட்டு முதலில். அடுத்துப் புறாவுக்கு நீதி செய்தவன், பசுவுக்கு நீதி செய்தவன் பிறந்த ஊர் என் ஊர் என்று அளவுகோலை வைக்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கிறான் அரசன், விதி சரிதான். அவள் விதியோடு மல்லுக்கு நிற்கவில்லை. என் சிலம்பில் பரல் மாணிக்கம் என்கிறாள், எங்களது முத்து என்று அவன் வாயாலேயே வருகிறது, பிறகுதான் உடைக்கிறாள். உன் பேச்சிலும் அந்த வரிசையை வை. சான்றை உடைக்கும் இடம் இரண்டாம் நிமிடம் தாண்டி வரட்டும்.