பாதரச மாசைக் குறைக்க நாடுகள் ஏன் ஒன்றுசேர வேண்டும்? மினமாட்டா ஒப்பந்தம் என்றால் என்ன?

பாதரசப் பயன்பாட்டையும் கழிவையும் படிப்படியாகக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட உடன்பாடுதான் மினமாட்டா ஒப்பந்தம். 2013-இல் ஜப்பானில் ஏற்கப்பட்டு, 2017 ஆகஸ்ட் 16 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அந்தந்த நாடே பார்த்துக்கொள்ளக் கூடாதா? முடியாது. பாதரச ஆவி மாதக்கணக்கில் காற்றில் மிதந்து கண்டம் விட்டுக் கண்டம் போகும். மூடிய அறையில் ஒருவர் புகைபிடித்தால் மூலையில் இருப்பவரும் அதைச் சுவாசிப்பது போலத்தான் இது. நீரில் இறங்கியதும் நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசம் என்ற நச்சுப் பொருளாக மாற்றுகின்றன. சிறு மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அதன் அளவு ஏறிக்கொண்டே போகிறது. ஜப்பானின் மினமாட்டா ஊரில் ஆலைக் கழிவு கலந்த கடலின் மீனைச் சாப்பிட்டவர்களுக்குக் கை நடுங்கியது, பேச்சு குழறியது. வயிற்றிலிருந்த குழந்தைகளும் தப்பவில்லை. 1956-இல்தான் அந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது.

இன்று காற்றில் கலக்கும் பாதரசத்துக்கு மிகப் பெரிய காரணம் சிறு அளவிலான தங்கச் சுரங்கத் தொழில். அரைத்த தாதுவில் பாதரசத்தைக் கலந்தால் தங்கம் அதோடு ஒட்டி உருண்டையாகும். அதைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் மிஞ்சும். அடுப்பருகே நிற்பவர்தான் அந்த ஆவியை முதலில் சுவாசிக்கிறார். என் பார்வையில், தடையைவிட அவருக்கு மாற்றுவழி காட்டுவதே அவசரம்.

புதிய பாதரசச் சுரங்கங்களுக்கு ஒப்பந்தம் தடை விதிக்கிறது. தெர்மாமீட்டர், சிலவகை பேட்டரி, அழகு கிரீம் போன்றவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு.

அப்புறம், இது பாதரசத்தை அடியோடு தடை செய்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, தடுப்பூசிகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் தையோமெர்சல் என்ற பாதரசச் சேர்மத்துக்கு விலக்கு உண்டு.