எலும்பு திரும்ப வளருமா? ஈறு சந்தேகங்களுக்குப் பதில்

கொழிஞ்சாம்பாறையில் ஈறு வைத்தியம் பார்க்கிறேன். கேட்டவர்களின் பெயருக்குப் பதில் ஊர் மட்டும்.

வாளையார்: கடைவாய்ப் பல்லைச் சுற்றி எலும்பு கரைஞ்சிருக்காம். மறுபடி வளருமாங்க டாக்டர்?

வளரும், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. பல்லை ஒட்டிக் கிணறு மாதிரி குழி விழுந்து, மூன்று பக்கமும் எலும்புச் சுவர் நின்றால் நல்ல வாய்ப்பு. வரப்பு முழுக்க மழையில் கரைந்ததுபோல் சமமாக இறங்கியிருந்தால் நான் கை வைக்க மாட்டேன். ஈறைத் திறந்து சுத்தம் செய்து மூடினால், மேல்தோல்தான் முந்திக்கொண்டு இறங்கி வேரில் ஒட்டும். எலும்பும் பல்லைக் கட்டிப்பிடிக்கும் நாரும் மெதுவாக வளர்பவை, அதற்குள் இடம் போய்விடும். அதனால் நடுவே ஒரு சவ்வை வைத்துத் தோலைத் தடுக்கிறோம். 1982இல் நைமன், லிண்டே, கேரிங் என்ற ஈறு ஆய்வாளர்களின் குழு மனிதப் பல்லில் இதைச் செய்து காட்டியது. குழி பெரிதென்றால் எலும்புத் துகளும் நிரப்புவோம். எக்ஸ்ரேயில் பலன் தெரிய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். பீடி, சிகரெட் உண்டா? அதை நிறுத்திவிட்டு வாருங்கள்.

பாலக்காட்டுச் சித்தூர்: க்ளீன் பண்ணினா பல் ஆடுமாமே?

ஆடாது. ஏற்கெனவே ஆடிய பல்லைக் காரை பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

கொல்லங்கோடு: அந்தத் துகள் மாட்டு எலும்பாமே? நாங்க சைவம்ங்க.

உண்மைதான், பல இடங்களில் அதுதான். உயிர்ப்பொருளை நீக்கி, தாது மட்டும் மிச்சம் வைப்பார்கள். சவ்வும் பெரும்பாலும் மாடு, பன்றியின் கொலாஜன் என்ற புரதம். வேண்டாமென்றால் செயற்கைக் கால்சியம் பாஸ்பேட், உங்கள் சொந்தத் தாடை எலும்பு, உங்கள் ரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் ஃபைப்ரின் (ரத்தம் உறையவைக்கும் புரதம்) என்று வழி இருக்கிறது.

கோவிந்தாபுரம்: கேப்ஸ்யூல் ஜெலட்டினும் மாட்டுல, பன்றியில இருந்துதானே வருது, அதை மட்டும் முழுங்கறாங்களே?

கொல்லங்கோடு: அது உள்ள போயிடும். இது வாயிலேயே இருக்குமே!

கோவிந்தாபுரம்: அப்ப சாமி கும்பிடும்போது வாயைக் கழட்டியா வைப்பீங்க?

போதும், ரெண்டு பேரும் நிறுத்துங்க. முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்குவது டாக்டர் வேலை. ஆரம்ப காலத்தில் ஓர் அம்மாவிடம் எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னேன். அவர் அழுத அழுகை இன்னும் மறக்கவில்லை. தப்பு என்னுடையது.

நல்லேபிள்ளி: க்ளீன் பண்ணினா பல்...

சித்தூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மீனாட்சிபுரம்: பையனோட பால் பல்லில் கறுப்புக் கறை.

குழந்தைப் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

எலப்புள்ளி: க்ளீன் பண்ணினா...

ஆடாது. ஆடாது. ஆடாது.

வேலந்தாவளம்: எனக்குச் சுகர். ஆபரேஷன் பண்ணலாமா? அப்புறம் வெற்றிலை போடலாமா?

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7ஐ ஒட்டி வரட்டும், பிறகு பேசலாம். வெற்றிலையில் புகையிலை உண்டா என்பதை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிட்டீர்கள், அண்ணா.