படிப்படியாகக் கணக்குப் போடும் பிள்ளையை ஏன் விரட்டுகிறீர்கள்?

பட்டர்வொர்த்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

படிவம் 4 படிக்கும் மகள் கூடுதல் கணிதத்தில் திணறுகிறாள், வீட்டிலோ டாக்டராக்க வேண்டும் என்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். படிவம் 4-இல் கூடுதல் கணிதம் எல்லாரையும்தான் திணறடிக்கும், பயப்படாதீர்கள். ஆறுதல் இவ்வளவுதான். மகளை டாக்டராக்கியே தீர வேண்டும் என்று உங்கள் நாத்தனார் சொல்வதை நான் ஏற்கவில்லை. அவளே வேண்டாம் என்கிறாள். 2016 கடைசியில் ஒப்பந்த முறை வந்தபின், அரசு மருத்துவமனையில் புது டாக்டருக்கு நிரந்தர வேலை தானாகக் கிடைப்பதும் இல்லை.

நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட 3 மீட்டர் அதிகம், சுற்றளவு 26 மீட்டர். படம் போட்டு, அகலத்தை அ என்று வைத்து, 2(அ + அ + 3) = 26, அப்புறம் 4அ + 6 = 26, 4அ = 20, அ = 5 என்று இறங்கியிருக்கிறாள். நீளம் 8. அதோடு விடாமல், 5-ஐயும் 8-ஐயும் கூட்டி இரண்டால் பெருக்கினால் 26 வருகிறதா என்று ஓரத்தில் சரிபார்த்தும் இருக்கிறாள். அந்த வரியைத்தான் டியூஷன் ஆசிரியர் சிவப்பு மையில் அடித்து ‘நேரம் வீண்’ என்று எழுதியிருக்கிறார். எனக்குக் கோபமே வந்தது. எஸ்பிஎம்மில், அதாவது படிவம் 5 முடிவில் எழுதும் மலேசிய அரசுத் தேர்வில், வழிமுறைக்கும் புள்ளி உண்டு. நேரம் போதவில்லை என்றால் பழைய தாள்களைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பழகட்டும்; படிகளைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

இந்தக் குணத்துக்கென்றே ஒரு தொழில் இருக்கிறது, நில அளவை. நம் வீடுகளில் யாரும் அதைப் பேசுவதில்லை. ஐந்து மூலை நிலம் என்றால் ஒவ்வொரு மூலையிலும் டோட்டல் ஸ்டேஷன் கருவியை முக்காலியில் நிறுத்திக் கோணமும் தூரமும் எடுப்பார்கள். ஐங்கோணத்தின் உட்கோணங்களைக் கூட்டினால் 540 பாகை வர வேண்டும். 20 விநாடி கூடிவிட்டால் (ஒரு பாகைக்கு 3600 விநாடி) ஒவ்வொரு கோணத்திலும் 4 விநாடியைக் கழிப்பார்கள். பிழை அனுமதித்த அளவைத் தாண்டினால் மறுபடி வெயிலில் இறங்க வேண்டியதுதான். பிறகு சைன், கோசைன் வைத்து வடக்கில் எவ்வளவு, கிழக்கில் எவ்வளவு என்று கணக்கிட்டு, புறப்பட்ட எல்லைக் கல்லுக்கே வந்து சேர்கிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் மகள் ஓரத்தில் செய்ததும் இதே வேலைதான்.

எஸ்பிஎம் முடித்ததும் போலிடெக்னிக்கில் ஜியோமேட்டிக்ஸ் (நில அளவைத் துறை) டிப்ளோமா எடுக்கலாம். அரசுக் கல்லூரி என்பதால் செமஸ்டர் கட்டணம் சொற்பம். மேலே படிக்க ஜொகூரில் யூடிஎம் (மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) இருக்கிறது. சொந்தமாக எல்லை அளந்து கையெழுத்துப் போட 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். பட்டம் வாங்கியும் சில வருடம் பிடிக்கும், அவசரப்பட முடியாது.

முதலில் அவளிடம் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் இதையும் விட்டுவிடலாம், வேறு பார்ப்போம். ஆனால் தனியார் மருத்துவப் படிப்புக்குப் பல லட்சம் வெள்ளி புரட்ட வீட்டு கிராண்ட்டை (உரிமைப் பத்திரத்தை) வங்கியில் கொண்டுபோய் வைக்காதீர்கள். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவே மாட்டேன்.