மறுத்த பல்கலைக்கழகத்துக்கே மாறுதல் விண்ணப்பம்: இந்த மார்ச்சா, அடுத்த மார்ச்சா?

கேள்வி: சேலத்தில் ஒரு தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். பிளஸ் டூ முடித்தபோது ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்னை நிராகரித்தது. அங்கேயே இந்த ஆண்டு மாறுதல் (டிரான்ஸ்ஃபர்) மாணவனாக விண்ணப்பிக்கலாமா? இப்போதே டி.சி. வாங்கிவிடலாமா? அப்பா வேலை பார்க்கும் சேகோ ஆலைக்காக, களத்தில் காயும் ஜவ்வரிசியின் ஈரப்பதத்தை அளக்கும் கருவி ஒன்றைச் செய்துவருகிறேன், அதைக் குறிப்பிடலாமா? – ஆத்தூர் வாசகர்

பதில்: விண்ணப்பிக்கலாம். முன்பு மறுத்தார்கள் என்பது பொதுவாகத் தடையாகாது. முன்பு விண்ணப்பித்ததுண்டா என்று படிவம் கேட்டால் மறைக்காமல் எழுதுங்கள்; கேட்காத இடத்தில் நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்த மார்ச் வேண்டாம் என்பதே என் கருத்து. ஆகஸ்டு, செப்டம்பரில் தொடங்கும் கல்வியாண்டுக்கான மாறுதல் விண்ணப்பங்களை அங்குள்ள முன்னணிப் பல்கலைக்கழகங்கள் பலவும் மார்ச் மாதத்திலேயே முடித்துக்கொள்கின்றன. அப்போது உங்கள் கையில் ஒரே ஒரு செமஸ்டர் மதிப்பெண்தான் இருக்கும் என்பதால், பரிசீலிப்பவர்கள் பெரும்பாலும் உங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை, அதாவது சென்ற முறை பார்த்து மறுத்த அதே கோப்பைத்தான் மறுபடியும் புரட்டுவார்கள். ஓராண்டு பொறுத்தால் மூன்று செமஸ்டர்கள் உங்களுக்காகப் பேசும். அதற்கும் மேலே தள்ளிப்போடக் கூடாது. ஹார்வர்டு போன்றவை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கல்லூரிப் படிப்பை முடித்தவர்களை ஏற்பதில்லை. டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் 2 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், பிளஸ் டூவில் எழுதியிருந்தால் மீண்டும் எழுத நேரும்.

இந்த ஓராண்டில் தேட வேண்டியது உங்களை அறிந்த ஒரு பேராசிரியரை. நம் ஊர்க் கல்லூரிகளிலிருந்து போகும் பரிந்துரைக் கடிதங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன்: கல்லூரி முகவரி அச்சிட்ட தாளில் நான்கே வரி, "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, வகுப்புக்குத் தவறாமல் வருபவர்", கீழே முத்திரை. அறுபது பேரில் எவருக்கும் பொருந்தும் அந்தக் கடிதம் உங்களைத் தனியே காட்டாது. உங்கள் கருவி முதல் முறை எங்கே பிழையாகக் காட்டியது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று அருகில் நின்று பார்த்த ஆசிரியர் ஒரு பக்கம் எழுதினால் அதன் எடையே வேறு. ஆகவே அந்த வேலையை இப்போதே ஒருவரின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள்.

விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரைக்கும் அந்த ஜவ்வரிசிக் களமே போதும். இங்கே கிடைக்காத எந்தப் பாடத்துக்காக, எந்த ஆய்வகத்துக்காக அங்கே போகிறீர்கள் என்பதைத் துல்லியமாக எழுதுங்கள். பழைய ஏமாற்றத்துக்கு அதில் ஒரு வரிகூட வேண்டாம்.

கிரெடிட் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. இங்கே முடித்த பாடங்கள் அனைத்தும் அங்கே கணக்கில் சேரும் என்பதற்கு உறுதியில்லை. கணிதம், இயற்பியல் பெரும்பாலும் சேரும். ஆனால் அங்கே கட்டாயமான இலக்கியம், வரலாறு போன்ற கலைப்பாடங்களும் சமூக அறிவியல் பாடங்களும் நம் பி.இ.யில் குறைவு என்பதால் கூடுதலாக ஒரு செமஸ்டர் ஆகலாம். ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் வாரப் பாடநேரத்தோடு இப்போதே சேகரியுங்கள். வெளிநாட்டு மாறுதல் மாணவருக்கு நிதியுதவி தராத பல்கலைக்கழகங்களும் உண்டு. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் அதைக் கேட்டறியுங்கள்.

டி.சி.யைத் தொடாதீர்கள். சேர்க்கைக் கடிதம், மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம், விசா மூன்றும் கைக்கு வரும்வரை இங்கே கட்டணம் கட்டி, தேர்வு எழுதிக்கொண்டே இருங்கள். அசல் பிளஸ் டூ சான்றிதழைக் கல்லூரி வைத்திருந்தால் இப்போதே எழுத்துமூலம் கேளுங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இலேயே அறிவித்துள்ளது.