பாரிஸிலிருந்து ரயிலில் ஒரு நாள் பயணம்: எந்த நிலையத்திலிருந்து கிளம்புவது?

எந்த ஊருக்குப் போகிறோம் என்பதைவிட, எந்த நிலையத்தில் ஏற வேண்டும் என்பதை முதலில் பாருங்கள். பாரிஸின் பெரிய ரயில் நிலையங்கள் எல்லாம் முனையங்கள், அதாவது தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடும். ஷார்த்ருக்கு மோன்பர்னாஸ், ரான்ஸுக்குக் கார் த லெஸ்த், ஃபொந்தென்ப்ளோவுக்குக் கார் த லியோன், ஓவியர் மொனேயின் தோட்டம் இருக்கும் ஷிவெர்னிக்கு சான் லசார்.

ஏன் இப்படி? 1842-ல் வந்த சட்டம் பாரிஸிலிருந்து எல்லாத் திசைக்கும் பாதை போட வழி செய்தது. ஒவ்வொரு திசையையும் ஒரு தனியார் நிறுவனம் எடுத்தது, தனக்கென ஒரு நிலையமும் கட்டியது. நகரின் நடுப்பகுதி அப்போதே வீடுகளால் நிறைந்திருந்தது. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் குடத்தைத் தொடாமல் சற்று முன்பே நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியைத்தான் இன்று மெட்ரோ நிரப்புகிறது.

அதனால் ஒரு நாளுக்கு ஒரே திசைதான் சரி. காலையில் ரான்ஸ், மாலையில் ஷார்த்ர் என்றால் பாதி நாள் நிலையம் மாறுவதிலேயே போய்விடும். முதல் முறை போகிறவர்களுக்கு நான் ஷார்த்ரைத்தான் சொல்வேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்குள்ள பேராலயத்தின் இரண்டு கோபுரங்களும் ஒன்றுபோல இருக்காது; ஒன்று வழவழப்பான கூம்பு, மற்றது நுணுக்கமான கல் வேலைப்பாடு.

எல்லா டிக்கெட்டையும் வாரக்கணக்கில் முன்பே எடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ரான்ஸ் போகும் அதிவேக ரயிலுக்கு அது நல்லது. ஷார்த்ர் போன்ற வட்டார ரயில்களுக்கு அன்றைக்கே எடுத்தாலும் போதும்.