பத்துப் பிள்ளைகளுக்கு ஃபீஸா, நாலு பிள்ளைகளுக்கு முழுப் படிப்பா?

கேள்வி: எனக்கு 61 வயது. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பென்ஷனில் என் செலவு நடந்துவிடுகிறது. சேமிப்பு, என் ஓராண்டுச் செலவைப்போல் பன்னிரண்டு மடங்கு இருக்கும். போன வருடம் காலமான என் கணவர் சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்தவர். வேறொருவர் கட்டிய ஃபீஸில்தான் படித்து ஆளானார். அவர் நினைவாக, சேமிப்பில் கால் பங்கை ஆதரவில்லாத பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்க ஆசை. பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஃபீஸ் கட்டலாமா? ஏதாவது ஓர் இல்லத்துக்கு மொத்தமாகக் கொடுத்துவிடலாமா? இல்லை, அசலைத் தொடாமல் வட்டியில் மட்டும் காலமெல்லாம் உதவுகிற மாதிரி ஓர் அறக்கட்டளை வைக்கலாமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் 'பள்ளி ஃபீஸ்' என்று வருகிறது. பள்ளி முடிந்த பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்பது வரவில்லை. உதவ முன்வருகிற பெரும்பாலோர் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். பெற்றோர் உள்ள பிள்ளைக்கு பதினெட்டு வயதில் பள்ளி முடிந்தால், வேலை கிடைக்கும்வரை சாப்பாடும் படுக்க இடமும் வீட்டில் இருக்கும். பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு உதவியெல்லாம் நின்றுபோகிற நாள் அதுதான். கையில் சான்றிதழ் இருக்கும், தொழில் இருக்காது. அதனால் என் பதில் இதுதான்: எத்தனை பிள்ளைகள் என்பதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். ஒரு பிள்ளை முதல் சம்பளம் வாங்கி ஊன்றி நிற்கிறவரை எவ்வளவு ஆகும் என்பதை முதலில் கணக்கிடுங்கள்.

ஓர் உதாரணம் போடுகிறேன். ஒரு பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கு ஆகிற பள்ளிச் செலவை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஃபீஸ் மட்டுமல்ல, சீருடை, புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இன்னும் ஏழு வருடப் பள்ளி, அதற்கு 7 பங்கு. அப்புறம் இரண்டு வருடத் தொழிற்பயிற்சி. தங்குமிடமும் சாப்பாடும் சேர்வதால் வருடத்துக்கு 2 பங்கு, ஆக 4. கருவிகள், தேர்வுக் கட்டணம், உரிமம் இவற்றுக்கு 1. பயிற்சி முடித்து வேலை தேடும் மாதங்கள், வாடகை அறைக்கு முன்பணம், முதல் சம்பளம் வரும்வரை செலவு, இதற்கு இன்னொரு 1. மொத்தம் 13. நாம் வழக்கமாகப் போடுகிற கணக்கு 7-லேயே நின்றுவிடுகிறது.

நீங்கள் ஒதுக்க நினைக்கும் தொகை 65 பங்கு வரும் என்று கொள்வோம். பத்துப் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கே 70 வேண்டும். அதாவது பள்ளிப் படிப்பையே முடிக்க முடியாமல் நடுவில் கைவிட வேண்டிவரும். ஏற்கெனவே ஒருமுறை பெரியவர்களை இழந்த பிள்ளைக்கு அது சாதாரண இழப்பில்லை. இதே பணத்தில் நாலு பிள்ளைகளைக் கடைசிவரை கொண்டுபோக 52 பங்கு போதும். மீதி 13 பங்கு கையிருப்பு. ஒரு பிள்ளை ஒரு வகுப்பில் தவறினால், உடம்புக்கு முடியாமல் போனால், கட்டணம் திடீரென்று ஏறினால் அந்தக் கையிருப்பு தாங்கும். போட்ட பணம் வளரும் வேகமும் கட்டணம் ஏறும் வேகமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் என்ற அனுமானத்தில்தான் இந்தக் கணக்கு. உங்கள் இடத்து எண்களைப் போட்டுப் பாருங்கள். பங்கு மாறும், முறை மாறாது.

இனி அறக்கட்டளை. அசலைத் தொடாத ஏற்பாட்டில் மனதுக்கு ஒரு நிறைவு இருக்கிறது, புரிகிறது. ஆனால் முதலீட்டில் 8 சதவீதம் கிடைத்து, விலைவாசி 5 சதவீதம் ஏறினால், அசலின் மதிப்பு தேயாமல் நீங்கள் எடுக்கக்கூடியது வருடத்துக்கு 3 சதவீதம்தான். கல்விக் கட்டணம் பொது விலைவாசியைவிட வேகமாக ஏறுகிற இடத்தில் அதுவும் சுருங்கும். அதே பணத்தைப் பன்னிரண்டு வருடத்தில் தீர்த்துவிடுவது என்று முடிவெடுத்தால், இன்றைய மதிப்பில் வருடத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம் செலவிடலாம். மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். போதாததற்கு பதிவு, தணிக்கை, நிர்வாகிகள் என்று செலவு வேறு. பெரிய தொகையும் பின்னால் பார்த்துக்கொள்ள ஆட்களும் இருந்தால் அறக்கட்டளை சரி. உங்கள் அளவுக்கு, இருக்கிற நாலு பிள்ளைகளின் காலத்துக்குள் பணத்தை முழுசாக வேலை செய்யவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

இல்லத்துக்கு மொத்தமாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். யுனிசெஃப் கணக்கில், பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்த, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லோரும் அனாதைகள் என்றே சேர்க்கப்படுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்; இல்லையென்றால் பாட்டி, சித்தப்பா, அக்கா என்று யாராவது வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். கம்போடியாவில் அனாதை இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பான்மையோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தது தெரியவந்தது. படிக்க வைக்க முடியாமல்தான் பலரைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். வறுமை ஒன்றையே காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளின் பராமரிப்புக்காக 2009-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ருமேனியாவில் 2000-ம் ஆண்டு தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சி, இல்லத்திலேயே தங்கியவர்களைவிட நன்றாக இருந்தது. அதனால் உங்கள் பணம், பாட்டியிடம் வளர்கிற பிள்ளை பாட்டியிடமே இருந்து படிக்க உதவட்டும். போக்கிடமே இல்லாத பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்கு இல்லம் வேண்டும்தான். அங்கேகூடக் கட்டடத்துக்கோ தலைக்கணக்குக்கோ கொடுக்காமல், வெளியே போகப்போகிற பெரிய பிள்ளைகளின் பயிற்சிக்கென்று குறிப்பிட்டுக் கொடுங்கள். கொடுக்கும் முன் மூன்று வருடத் தணிக்கைக் கணக்கையும், எத்தனை பிள்ளைகளை உறவினரிடம் திரும்பச் சேர்த்தார்கள் என்ற விவரத்தையும் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

குடும்பத்தோடு சேர்த்து உதவுவது பலன் தருகிறது என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. கென்யாவில் 2004-ல் சிறிய அளவில் தொடங்கிய அரசுத் திட்டம் ஒன்று, பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்க்கிற ஏழைக் குடும்பங்களுக்கே ரொக்கம் கொடுத்தது. அதில் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் அதிகமானார்கள். ஜிம்பாப்வேயின் கிழக்குப் பகுதி கிராமங்களில், பெற்றோரை இழந்த வளரிளம் பெண்களுக்கு ஃபீஸ், சீருடை, பள்ளிப் பொருள்கள் கொடுத்ததோடு, வராத நாளில் ஏன் வரவில்லை என்று விசாரிக்க ஓர் ஆசிரியரையும் பொறுப்பாக வைத்தார்கள். படிப்பை விடுவதும் இளம் வயதில் கல்யாணம் ஆவதும் வெகுவாகக் குறைந்தன. நீங்கள் ஆசிரியையாக இருந்தவர், அந்த 'ஏன் வரவில்லை' என்ற கேள்வியின் மதிப்பு உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உதவி செய்பவர்கள் எழுதி வைத்திருக்கும் கணக்கு நோட்டுகளை நான் நிறையப் பார்க்கிறேன். ஃபீஸ் பத்தியில் ஒவ்வொரு பருவத்துக்கும் ரசீது எண்ணோடு தொகை இருக்கும். பக்கத்துப் பத்தியில் 'பஸ்' என்று தலைப்பு போட்டு, கீழே காலியாக இருக்கும். பயிற்சிப் பள்ளி விஷயத்தில் இந்தக் காலியிடம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. வெல்டிங் படிப்புக்கு ஃபீஸ் கட்டியாகிவிட்டது. பாதுகாப்பு ஷூவும் முகக்கவசமும் கையுறையும் சொந்தமாகக் கொண்டுவரச் சொல்வார்கள். இல்லாத பையனை ஓரமாக நிறுத்திவிடுவார்கள், அவன் ஒரு மாதம் வேடிக்கை பார்த்துவிட்டு வராமலே போய்விடுவான். நர்சிங் உதவியாளர் பயிற்சி என்றால் இரண்டு செட் சீருடை, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, இரவுப் பணி முடிந்து திரும்ப வண்டிச் செலவு. சேரும் முன்பே பயிற்சி நிலையத்தில் உட்கார்ந்து, கட்டணச் சீட்டில் இல்லாத செலவு என்னென்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இப்போது படிக்கிற மாணவர் யாரையாவது தனியே கேட்டால் இன்னும் சரியாகத் தெரியும்.

எந்தப் பயிற்சி என்று முடிவு செய்யும்போது, விளம்பரத்தை விட்டுவிட்டு வேலை கொடுக்கிறவர்களிடம் போங்கள். பக்கத்தில் உள்ள தொழிற்கூடம், மருத்துவமனை, ஹோட்டல் எதுவானாலும், யாரை எடுக்கிறீர்கள், எந்தச் சான்றிதழை மதிக்கிறீர்கள் என்று கேளுங்கள். சம்பளத்தோடு கற்றுக்கொடுக்கும் இடம் கிடைத்தால் அதற்கே முதலிடம். ஜெர்மனியில் சட்டப்படி நடக்கிற தொழிற்பயிற்சியில், பயிலுநர் நிறுவனத்திலும் தொழிற்பள்ளியிலுமாகக் கற்கிறார், நிறுவனம் அவருக்கு உதவித்தொகை கொடுத்தாக வேண்டும். அந்த மாதிரி ஏற்பாடு அமைந்தால் நான் போட்ட 4 பங்கு பாதியாகக் குறையலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கோ பையனுக்கோ பிடிக்காத தொழிலில், பணம் நம்முடையது என்பதற்காகத் தள்ளிவிடக் கூடாது. நாலு இடத்தை நேரில் காட்டுங்கள், தேர்வு அவர்களுடையதாக இருக்கட்டும்.

சரி, பணத்தை எங்கே வைப்பது? கடைசிக் கட்டத்துக்கான பணத்தை முதலில் பூட்டி வையுங்கள். ஒரு பிள்ளைக்கு 6 பங்கு, நாலு பேருக்கு 24. ஏழு வருடத்துக்கு அது தேவைப்படாது, அதனால் அந்த 24-ல் மூன்றில் ஒரு பகுதியைப் பல நிறுவனங்களில் பரவலாக முதலிடும் பங்குச் சந்தை ஃபண்டில் போடலாம், மீதியை நீண்டகால அரசுப் பத்திரங்களிலோ டெபாசிட்டிலோ. பயிற்சி தொடங்க மூன்று வருடம் இருக்கும்போது ஃபண்டிலிருந்து படிப்படியாக எடுத்து டெபாசிட்டுக்கு மாற்றிவிடுங்கள். சந்தை விழுந்த வருடத்தில்தான் ஒரு பிள்ளைக்கு அட்மிஷன் என்று அமைந்துவிடக் கூடாது. பள்ளிச் செலவுக்கான 28 பங்கை ஏழு டெபாசிட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் கல்வியாண்டு தொடங்க ஒரு மாதம் முன்பு முதிர்கிற மாதிரி போடுங்கள். கையிருப்பு 13 பங்கு, கேட்ட மறுநாள் எடுக்கக்கூடிய கணக்கில் இருக்கட்டும். அதிக வட்டி என்று யார் வந்து சொன்னாலும் இந்தப் பணத்தில் கை வைக்கவிடாதீர்கள்.

ஃபீஸை நேரே பள்ளிக்கும் பயிற்சி நிலையத்துக்கும் கட்டுங்கள். வீட்டுச் செலவுக்கான சிறு தொகையை மாதாமாதம் காப்பாளர் கணக்கில் போடுங்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மற்றவர் வேலைக்கு அனுப்பப்படுவார், படிக்கிறவருக்கும் மனசு ஓடாது. அந்த நாலு பேர் இரண்டு வீட்டு அண்ணன் தங்கைகளாக இருந்தாலும் நல்லதுதான்.

பதினாலு, பதினைந்து வயதானதும் பிள்ளை பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்க உதவுங்கள். உகாண்டாவில் எய்ட்ஸால் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு இப்படிக் கணக்குத் தொடங்கிக் கொடுத்து, அவர்கள் சேர்க்கும் தொகைக்குச் சமமாக ஒரு குழுவுக்கும், இரண்டு மடங்காக இன்னொரு குழுவுக்கும் பணம் போட்டார்கள். மேற்படிப்புக்கோ சிறு தொழில் தொடங்கவோ அதை எடுத்துக்கொள்ளலாம். சேமிப்பு மட்டுமில்லாமல் அந்தப் பிள்ளைகளின் மனநலமும் மேம்பட்டதை ஆய்வுகள் காட்டின. நமக்கென்று ஒன்று இருக்கிறது, நாளை என்று ஒன்று இருக்கிறது என்ற தெம்பு அது. வேலை தேடும் காலத்துக்கென்று நான் ஒதுக்கச் சொன்ன 1 பங்கில் பாதியை இப்படிக் கொடுக்கலாம்.

எந்த வயதில் உதவியை நிறுத்துவது என்று கேட்பீர்கள். பதினெட்டில் நிறுத்தாதீர்கள். இங்கிலாந்தில் அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர்கள் விரும்பினால், 25 வயதுவரை அவர்களுக்கு ஓர் ஆலோசகரின் துணை உண்டு என்று 2017-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பணம் இருபது, இருபத்தொன்றில் முடிந்துவிடலாம். போனில் கேட்க ஒரு பெரிய மனுஷி இருப்பது அதற்குப் பிறகும் வேண்டியிருக்கும்.

கடைசியாக உங்கள் பக்கம். பென்ஷன் போதும் என்றாலும், மருத்துவச் செலவு வயதோடு ஏறும். கால் பங்கை ஒதுக்கலாம், ஆனால் மீதியில் இரண்டு வருடச் செலவுக்கான தொகையை மருத்துவத்துக்கென்றே தனியாக வைத்துவிட்டு இந்த வேலையைத் தொடங்குங்கள். நாலு பேரையும் ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். இந்த வருடம் இரண்டு பேர், செலவு கணக்கோடு ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வருடம் மற்ற இருவர். கணக்கை உங்களோடு சேர்ந்து நடத்த, உங்களைவிட இருபது வயதாவது இளையவர் ஒருவரை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் ஃபீஸ் கட்டும் முன் உயிலை எழுதிவிடுங்கள். இந்தத் தொகை இந்த நாலு பிள்ளைகளின் படிப்புக்கும் பயிற்சிக்கும் மட்டும், இன்னார் பொறுப்பில், கடைசிப் பிள்ளை வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகும்வரை, மிச்சமிருந்தால் அது யாருக்கு என்பதுவரை அதில் வர வேண்டும். ஒரு வழக்கறிஞரை வைத்து எழுதி, சாட்சியோடு கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை அந்த இளையவரிடம் கொடுத்துவிடுங்கள்.