பயோடேட்டாவில் "காப்புரிமை பெற்றவர்" என்று இருந்தால், உண்மையா என எப்படிப் பார்ப்பது?

முதலில் விண்ணப்ப எண்ணைக் கேளுங்கள். தர மறுத்தாலோ மழுப்பினாலோ அதுவே பாதி பதில்.

2016 முதல் இந்திய எண்கள் 12 இலக்கம். முதல் நான்கு இலக்கம் விண்ணப்பித்த ஆண்டு. ஐந்தாவது அலுவலகம் (1 டெல்லி, 2 மும்பை, 3 கொல்கத்தா, 4 சென்னை). ஆறாவது விண்ணப்ப வகை (1 சாதாரணம்). 202041 என்று தொடங்கினால் 2020இல் சென்னையில் போட்ட சாதாரண விண்ணப்பம். எண்ணை இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளத்தில் போட்டு, விண்ணப்ப நிலையைத் திறங்கள்.

பலரும் ஏமாறுவது இங்கேதான்: 'பப்ளிஷ்டு' (விண்ணப்பம் வெளியானது) வேறு, 'கிராண்டட்' (காப்புரிமை வழங்கப்பட்டது) வேறு. 18 மாதம் கழிந்தால் விண்ணப்பம் தானாகவே காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகும். படிவம் 9 கொடுத்துக் கட்டணம் கட்டினால் ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே. அதுவரை யாரும் அதைப் பரிசோதித்திருக்க வேண்டியதில்லை. பரிசோதனைக்குத் தனியே படிவம் 18 வேண்டும். அது போடாமலே காலாவதியானவை ஏராளம். பதிவுசெய்த 'டிசைன்' சான்றிதழைக் காப்புரிமை என்று காட்டுவோரும் உண்டு. அது பொருளின் தோற்றத்துக்கு மட்டும்தான்.

எண் இல்லையென்றால் கண்டுபிடிப்பாளர் பெயரில் தேடலாம். நம் ஊர் இனிஷியல் இங்கே படுத்தும்: 'கே. ராஜேஷ்', 'ராஜேஷ் கே', 'ராஜேஷ் குமாரசாமி' மூன்றையும் போட்டுப் பாருங்கள். விண்ணப்பதாரர் கட்டத்தில் தேடாதீர்கள், அங்கே பெரும்பாலும் நிறுவனமோ கல்லூரியோதான் இருக்கும்.

கிராண்ட் ஆகியிருந்தால், அந்தக் காப்புரிமை இன்னும் உயிரோடிருக்கிறதா என இ-ரெஜிஸ்டரில் (அலுவலகத்தின் இணையப் பதிவேட்டில்) பாருங்கள். ஆயுள் 20 ஆண்டு, ஆனால் மூன்றாம் ஆண்டு முதல் புதுப்பிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் முன்பே செத்துவிடும்.